பாய் விரித்து, பகடை உருட்டி: நண்பர்களோடு ரோல்பிளே ஆட்டம் நடத்துவது எப்படி

விதிப் புத்தகத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விதி தெரியாததால் நின்றுபோன ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தரே பேசிக்கொண்டிருந்தார், இன்னொருத்தர் வாயே திறக்கவில்லை, ஒரு பிள்ளைக்கு மனசு சங்கடப்பட்டது யாருக்கும் தெரியவில்லை, ஆட்டம் இழுத்துக்கொண்டே போய் பஸ் போய்விட்டது. நல்ல ஆட்டங்கள் நின்றுபோவது இப்படித்தான். அதனால் இங்கே எழுதப்போவது பெரும்பாலும் மனுசங்களைப் பற்றி. பகடைக்கு ஒரு பத்தி போதும்.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஆட்டம். கதையை நடத்துவது நான். தம்பி, டூவீலர் பட்டறை வைத்திருக்கிற அவனுடைய கூட்டாளி, எங்கள் மைனி (அண்ணி), நாங்கள் சார் என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை, இவர்கள்தான் ஆடுகிறவர்கள்.

இந்த ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒருவர் கதையை நடத்துவார், அவரை ஜிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்து பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான இடத்தில் பகடை முடிவு சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்திலிருந்து இந்த வகை பரவியது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நான் வில்லுப்பாட்டைத்தான் சொல்வேன். கோயில் கொடையில் பார்த்திருப்பீர்கள். வில்லடிக்கிறவர் கதை சொல்லுவார்; குடமும் உடுக்கும் ஜால்ராவும் வைத்திருக்கிற பின்பாட்டுக்காரர்கள் சரியான இடத்தில் "ஆமா" போடுவார்கள். அந்த ஆமா இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட புலவருக்கும் கதை நகராது. நம் ஆட்டத்தில் வில்லு கைமாறிக்கொண்டே இருக்கும். வில்லு கையில் இல்லாதவர் ஆமா போட வேண்டும். கீழே நான் சொல்லுகிற ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஆமா நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

யாரைக் கூப்பிடலாம்

பேய்க்கதை, ராஜா கதை, வீடியோ கேம் பிடித்தவர்களைத் தேடிப் போகாதீர்கள். அடுத்தவர் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர்களைத் தேடுங்கள். டீக்கடையில் நாலு பேர் நிற்கும்போது கவனித்தாலே தெரிந்துவிடும். கதையைப் பாதியில் பிடுங்குகிறவர் ஒருவர் இருப்பார், "பொறவு என்னாச்சு?" என்று கேட்கிறவர் ஒருவர் இருப்பார். இரண்டாமவரைக் கூப்பிடுங்கள்.

ஆடுகிறவர்கள் நாலு பேர் என்றால் நல்லது, ஐந்து வரைக்கும் சமாளிக்கலாம். ஆறு பேர் இருக்கிற சண்டைக் காட்சியில் ஒருவர் தன் முறைக்கு மூன்று நிமிடம் எடுத்தால், ஒருதடவை பேசியவர் மறுபடி பேச பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கை தானாகப் போனுக்குப் போய்விடும். "இன்னொருத்தன் வாரேங்கான்" என்று யாராவது சொன்னால், இரண்டாவது கூட்டம் ஒன்று சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

புருசன் பெண்டாட்டி சேர்ந்து வந்தால் தனித்தனியாக, எதிரும் புதிருமாக உட்கார வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அவளிடம் கேட்கிற கேள்விக்கு இவர் பதில் சொல்லுவார். அண்ணன் தம்பிக்கும் இதே ஏற்பாடுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். பகடையைக் கண்டதும் சூதாட்டம் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதனால் காசு எந்த உருவத்திலும் அந்தப் பாய்மேல் வரக்கூடாது, விளையாட்டுக்குக்கூட "பத்து ரூவா பந்தயம்" கூடாது. எங்கள் ஆச்சியை ஒருநாள் கூடவே உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அந்த வியாவாரி பொய்யில்லா சொல்லுதான், நம்பாதிய" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் கேள்வி இல்லை.

முதல் நாள் ஆடாதீர்கள்

உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் இதை செஷன் ஜீரோ என்பார்கள். முதல் சந்திப்பில் கதை கிடையாது, பேச்சு மட்டும்தான். கூச்சப்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நம் ஊரில் இது ரொம்பவே தேவை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எந்த மாதிரிக் கதை என்று முதலில் பேசுங்கள். எங்கள் கதை பாண்டியர் காலத்துக் கொற்கையில் நடக்கிறது. முத்துக் குளிக்கிறவர்கள், துறைமுகத்துக் கணக்கர், கரையோரம் கள்ளத்தனமாக முத்து விற்கிற கூட்டம், இப்படி. தம்பிக்குச் சண்டை வேண்டும், மைனிக்குத் துப்பறிய வேண்டும், சாருக்குப் பழைய ஊர்களைப் பற்றிப் பேச வேண்டும். மூன்றும் வாய்விட்டுச் சொல்லப்பட்டதால் மூன்றுக்கும் இடம் வைக்க முடிந்தது. சொல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கதையை மனசில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது, கதையில் எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்கக் கூடாது என்கிற பேச்சு. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் இந்த இரண்டையும் பிரித்துக் கோடு, திரை என்று சொன்னார். கோடு போட்ட விஷயம் கதைக்குள் நுழையாது. திரை போட்டது கதையில் நடக்கலாம், ஆனால் காட்சியை அங்கேயே மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். ஜிஎம் எடுத்து வாசிக்க வேண்டும். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது, எழுத்தைப் பார்த்து யூகிக்கவும் கூடாது.

எங்கள் தாளில் முதல் கோடு சாதி. இதை நான் அழுத்திச் சொல்லுவேன். நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் ஒரு மாணவனை அவன் வீடு புகுந்து உடன்படித்த பையன்கள் வெட்டியதும் தெரியும். விளையாட்டுக்காக உட்கார்ந்த இடத்தில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைப் பார்த்து அந்தச் சொற்களைச் சொன்னால், அது பாத்திரத்தின் காதில் மட்டும் விழாது. அதனால் எங்கள் கொற்கையில் பாத்திரங்களுக்குத் தொழில் உண்டு, ஊர் உண்டு, பகை உண்டு, சாதிப்பெயர் கிடையாது. பட்டப்பெயரோ குலப்பெயரோ ஒட்டிக்கொண்டு வருகிற பெயர்களையும் தவிர்க்கிறோம். இந்த அநியாயத்தைப் பற்றியே ஒரு கதை ஆட வேண்டும் என்று நினைக்கிற கூட்டமும் இருக்கலாம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது எல்லோரும் பேசி, தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. நடுவில் ஒருவர் சுவாரசியத்துக்காக நுழைக்கக் கூடாது.

இரண்டாவது கோடு சாமி. வெளிநாட்டு விதிப்புத்தகங்களில் தெய்வங்கள் ஒரு பட்டியலாக இருக்கும், கதையில் எதிரியாகவும் வரும். நமக்குச் சுடலை மாடனும் இசக்கியும் சாஸ்தாவும் யாரோ ஒருவருடைய குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்கு ஊரே கிளம்பிப்போய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிற சாமியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வில்லனாக்க முடியாது. எங்கள் ஏற்பாடு: பாத்திரங்கள் சாமி பேரில் சத்தியம் செய்யலாம், நேர்ந்துகொள்ளலாம். சாமி நேரில் வராது. சாமியாடுவதை யாரும் நடித்துக் காட்டக் கூடாது. எங்கள் மைனியின் அப்பாவுக்கு அருள் வரும். மைனிக்கு அது வேடிக்கை இல்லை.

முன்கூட்டி எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. அதற்கு எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய முறை. ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வைப்பது. எந்தக் காட்சி யாருக்குத் தாங்கவில்லையோ அவர் அதைத் தொட்டாலோ தூக்கிக் காட்டினாலோ போதும், அந்த இடத்தை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. நான் ஒன்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஒரு மதியம் கதையில் ஆறு கரை உடைந்து கொற்கைக்குள் தண்ணீர் வருகிற இடம். முழங்கால் அளவு, இடுப்பளவு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பட்டறைக்காரத் தம்பி பேசவில்லை. கிரீஸ் கறை போகாத விரல் ஒன்று மெதுவாக நீண்டு அட்டையின் ஓரத்தைத் தொட்டது. அவன் வீடு ஆற்றங்கரைப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறியவன். "மழை வெறிச்சிட்டு, மூணு நாள் கழிச்சு நீங்க சந்தைக்கு வாரிய" என்று சொல்லிவிட்டு, சந்தையில் என்ன விற்கிறது என்று சாரிடம் கேட்டேன். சார் கருப்பட்டி விலையில் ஆரம்பித்துவிட்டார். அடுத்த இரண்டு நிமிடத்தில் அந்தத் தம்பியும் பேரம் பேச வந்துவிட்டான். அட்டை செய்கிற வேலை இவ்வளவுதான். ஆனால் இதை முதல் நாளே ஜிஎம் தானாக ஒருதடவை தொட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஆட்கள் தொடமாட்டார்கள், பொறுத்துக்கொண்டு இருப்பார்கள்.

லே, நீ, நீங்க

இது நமக்கே உள்ள சிக்கல், எந்த விதிப்புத்தகத்திலும் கிடைக்காது. எங்கள் கதையில் தம்பியின் பாத்திரம் துறைமுகக் காவல் தலைவன். சாருடைய பாத்திரம் அவனுக்குக் கீழே வேலை பார்க்கிற தோணிக்காரன். தலைவன் தோணிக்காரனை "ஏலே, இங்க வா" என்றுதான் கூப்பிட வேண்டும். தம்பியோ சாரிடம் படித்தவன். அவன் வாயில் "சார், கொஞ்சம் வாங்க சார்" என்றுதான் வந்தது. காவல் தலைவன் அங்கேயே செத்துப்போனான்.

நாங்கள் செய்தது இது. பாத்திரத்தின் பெயரைத் தடித்த அட்டையில் எழுதி, கூடாரம் மாதிரி மடித்து ஆளுக்கு முன்னால் வைத்தோம். பெயரைச் சொல்லித் தொடங்கினால் அது பாத்திரம் பாத்திரத்தோடு பேசுவது: "ஏலே வெள்ளையா, தோணிய இழு." உறவைச் சொல்லித் தொடங்கினால் ஆள் ஆளோடு பேசுவது: "சார், அந்தத் தண்ணி பாட்டில எடுங்க." பெயரில் தொடங்கியதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். மூத்தவர்தான் இதற்கு அனுமதி கொடுக்க முடியும், இளையவர் எடுத்துக்கொள்ள முடியாது. சார் தாமாகவே, "லே போட்டுத்தான் கூப்பிடணும், இல்லைன்னா நான் திரும்ப மாட்டேன்" என்றார். அது பெரிய உதவி.

வேறு ஊர்க்காரர் கூட்டத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நமக்கு "லே" என்பது பாதி நேரம் பாசம். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஊழியருக்கு அது மரியாதைக்குறைவாகப் படலாம். அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஒருவர் இருந்தால் வருகிற இன்னொரு சிக்கல், அவர் சொன்னதே முடிவாகிவிடும். "சார் சொல்லிட்டாரு, போவோம்." இதற்கு நான் கண்ட வழி, வயசை எதிர் வரிசையில் கேட்பது. கூட்டமாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஆகச் சின்னவரிடம் முதலில் கேளுங்கள், பெரியவரிடம் கடைசியில். பெரியவருக்கு இது மரியாதையாகவும் இருக்கும், கடைசிச் சொல் அவருடையது அல்லவா. ஆனால் அதற்குள் நாலு யோசனை பாய்க்கு வந்திருக்கும்.

பேசாதவரிடம் எப்படிக் கேட்பது

"நீ என்ன செய்யுத?" என்பது பேசாத ஆளிடம் கேட்கிற கேள்வியே இல்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பிள்ளை "நீங்க செய்யறதையே நானும் செய்யறேன்" என்று சொல்லிவிடும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். தப்பாகப் பதில் சொல்லவே முடியாத மாதிரி இருக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப் பிள்ளை ரொம்ப நாள் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர்கள் ஒரு பண்டகசாலைக் கதவைத் திறக்கிறார்கள். நான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், அவள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "கதவு தொறந்ததும் ஒனக்கு என்ன வாசம் அடிக்கி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பென்சிலை உருட்டிக்கொண்டே, "கற்பூரம்" என்றாள். பிறகு, "பழைய கற்பூரம். காத்துப்பட்டுப் போனது. யாரோ ரொம்ப நாளா உள்ள வாரதில்ல" என்றாள். எல்லோரும் அப்படியே நிமிர்ந்தார்கள். முத்து கடத்துகிறவர்கள் தினமும் அங்கே வந்துபோகிறார்கள் என்று அதுவரை நம்பியிருந்தோம். அவள் சொன்ன வாசம் அதைப் பொய்யாக்கிவிட்டது. நான் எழுதிவைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்னதை உண்மையாக்கினேன். அப்படியானால் பொய்த்தகவல் கொடுத்தது யார் என்பதுதான் அடுத்த பல வாரத்துக் கதை.

இதில் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. கேள்வி அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வந்தது, மருந்துக்கடையில் நாள் முழுக்க வாசத்தோடு இருக்கிறவள். பதில் வந்ததும் அது கதையை மாற்றியது. கேட்டுவிட்டு "சரி" என்று கடந்துபோனால் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள்.

நிறையப் பேசுகிறவரை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள். "ஒன் ஆளுக்கு அவளோட யோசனை தேவை, போய்க் கேளு" என்றால் அவரே வில்லைக் கைமாற்றிவிடுவார். எங்கள் தம்பி இப்போது நான் சொல்லாமலே செய்கிறான்.

பகடை

ஐந்தாம் பதிப்பு டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, ஜிஎம் வைத்த இலக்கைத் தொட்டால் காரியம் நடக்கும். எளிதுக்கு 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20. இலக்கு 15, கூட்டுவதற்கு 3 என்றால் 12-லிருந்து 20 வரை ஏதாவது விழ வேண்டும். இருபதில் ஒன்பது முகம், 45 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் தோல்விதான். அதனால் தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் வந்துவிட்டால் கூட்டமே கசந்துவிடும். "பூட்டு தொறக்கல" என்று முடிக்காமல், "பூட்டு தொறந்துட்டு, ஆனா காவக்காரன் முழிச்சிட்டான்" என்று கதையை முன்னால் தள்ளுங்கள். பகடை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ஒன்றிலிருந்து இருபது வரை அட்டையில் எழுதிக் குலுக்கி எடுத்தாலும் அதே கணக்குத்தான். எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

விதிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கடையில் அடிக்கடி கேட்கிறார்கள். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னால் நான் தருவதில்லை. ஆனால் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், பெயர் குறிப்பிட்டு யாரும் அச்சிடலாம். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் வேண்டாம். உங்கள் பாத்திரங்களுக்குத் தேவையான பக்கங்களை மட்டும் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள்.

இடம், டீ, நேரம்

வட்டமாகத் தரையில் உட்காருவது நாற்காலி மேசையைவிட நல்லது, ஜிஎம் தலைமாட்டில் இருக்கிற மாதிரித் தோன்றாது. முழங்கால் வலி உள்ளவருக்கு மட்டும் ஒரு முக்காலி. பத்தமடைப் பாய் என்றால் பகடை கோரை இடுக்கில் சாய்ந்து நிற்கும், ஒரு தாம்பாளத்தில் துண்டை விரித்து அதில் உருட்டுங்கள். வெறும் தாம்பாளத்தில் உருட்டினால் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிடுவார்கள்.

டீ விஷயத்தை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில், முக்கியமான காட்சி நடக்கும்போது அடுப்படிக்கு எழுந்து போவது யார் என்று பாருங்கள். வீட்டுப் பெண் போவாள், அல்லது மைனி போவார். அவர்கள் திரும்பி வரும்போது கதை தாண்டிப் போயிருக்கும். எங்கள் வழக்கம், வருகிற வழியிலேயே ஒருவர் கடையில் ஃபிளாஸ்க் நிறைய டீ வாங்கி வர வேண்டும், ஆள் முறை வைத்து. டம்ளர் கழுவுவதற்கும் முறை உண்டு. சாரும் கழுவுகிறார். அல்வா கொண்டு வந்தால் இடைவேளை வரை பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. நெய் விரலோடு பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளைத் தொட்டால் எழுத்தே மறைந்துவிடும்.

மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிக்கிறோம், நடுவில் கால்மணி நேரம் ஓய்வு. முடிகிற நேரத்தைத் தாண்டாதீர்கள், கதை உச்சத்தில் இருந்தாலும். மேலப்பாளையத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பஸ் ஏற வேண்டிய பெண்கள் வீட்டில் சொல்லிவிட்டு வந்த நேரம் அது. ஒருமுறை தாண்டினால் அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

நாள் தள்ளிப் போடுவதுதான் ஆட்டத்தைக் கொல்வதில் முதலிடம். எல்லோருக்கும் தோதான நாள் என்று ஒன்று நம் ஊரில் கிடையாது. வைகாசியில் கல்யாணம், ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார், புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர் வேஷம் கட்டப் போய்விடுவார். நாளை மாற்றாதீர்கள். மூன்று பேர் வந்தாலே ஆடுங்கள். வராதவருடைய பாத்திரம் சொந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வராத நேரத்தில் அதற்கு ஆபத்து எதுவும் வரக்கூடாது. அன்று இரவே என்ன நடந்தது என்று ஐந்தாறு வரி வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுங்கள்.

சண்டை வந்தால்

பாத்திரங்களுக்குள் சண்டை வரலாம், அது ருசி. ஆட்களுக்குள் வந்துவிட்டதா என்று குரலில் தெரியும். பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள், டீ ஊற்றுங்கள்.

அடிக்கடி வருகிற தகராறு ஒன்று உண்டு. ஒருவர் கூட்டாளியின் பணப்பையைத் திருடுவார். கேட்டால் "என் ஆளு திருடன்லா, அப்படித்தான் செய்வான்" என்பார். பகடை உருட்டி இதைத் தீர்க்கக் கூடாது. பறிகொடுக்கிறவரிடம் திரும்பி, "ஒங்களுக்கு இது கதையா இருக்கா, கடுப்பா இருக்கா?" என்று கேளுங்கள். கதையாக இருக்கிறது என்றால், திருட்டு எப்படி முடிகிறது என்பதை அவரே சொல்லட்டும். கடுப்பு என்றால் அது நடக்கவில்லை. அந்தப் பாத்திரத்தைச் செய்தவரே அவன் ஏன் கை வைக்கவில்லை என்பதற்கும் காரணம் சொல்லுவார், அது சில நேரம் திருட்டைவிட நல்ல காட்சியாகிவிடும்.

ஆள் மேல் கோபத்தை ஜிஎம் கதை வழியாகத் தீர்க்கக் கூடாது. தாமதமாக வந்தவருடைய பாத்திரத்தின் மேல் புலியை ஏவி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்தவருக்குப் புலி ஏன் வந்தது என்று தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். அவ்வளவு அவமானம் யாருக்கும் தேவையில்லை. மறுநாள் போன் போடுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள், தனியாகப் பேசுங்கள்: "மக்கா, மூணு வாரமா லேட்டாவுது, கடையில எதும் வேலையா? நாலு மணிக்குன்னு மாத்தணுமா?" பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

எவ்வளவு பேசியும் ஒத்துவராத ஆள் ஒருவர் இருக்கலாம். பெண்கள் பேசும்போதெல்லாம் கிண்டல், பாத்திரம் என்ற பேரில் தொட்டுப் பேசுவது, இதற்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டாம். அன்றே நிறுத்திச் சொல்லுங்கள், அடுத்த வாரம் கூப்பிடாதீர்கள். மற்றபடி ருசி ஒத்துப்போகாதவர் என்றால் நேரில் பார்த்துச் சொல்லுவதுதான் முறை. வண்ணார்பேட்டையிலோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலோ மறுபடியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள் நாம். "ஒங்களுக்கு வேண்டிய ஆட்டம் வேற, இது அது இல்ல. வேற கூட்டம் சேந்தா மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லி, சேர்ந்தால் கூப்பிடவும் வேண்டும்.

முடிக்கும் முன் பத்து நிமிடம்

ஆறு இருபதுக்கு நான் தாளை மூடிவிடுவேன். ஒவ்வொருவரும் இன்னொருவருடைய பாத்திரம் செய்ததில் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்னுடையதைச் சொல்லக் கூடாது. "நல்லாருந்துது" என்பது கணக்கில் வராது, எந்த இடம் என்று சொல்ல வேண்டும். பிறகு அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று ஒன்று. இரண்டையும் நான் நோட்டில் குறித்துக்கொள்வேன், வாரத்தில் கதையைத் தயார் செய்யும்போது அதுதான் எனக்கு முதல் தாள். மைனி சாருடைய பாத்திரத்தைப் பாராட்டியதும், சார் பட்டறைக்காரத் தம்பியைப் பாராட்டியதும் அந்தப் பாயைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது.

ஜிஎம்முக்கும் களைப்பு உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் ஒரே மதியத்தில் முடிகிற கதை ஒன்றை நடத்தட்டும், நீங்கள் ஒரு பாத்திரமாக உட்காருங்கள். பின்பாட்டில் உட்கார்ந்தால்தான் எந்த இடத்தில் ஜிஎம் அதிகம் பேசுகிறார் என்பது காதில் விழும்.

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர் நம் ஊரில் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் பட்டறைக்காரத் தம்பி இப்போது ஓசூரில். அவன் உட்காருகிற இடத்திலேயே செல்போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ போட்டு, பெயர் அட்டையை அதன் முன்னால் வைக்கிறோம். போனில் இருப்பவரால் பேச்சுக்கு நடுவே நுழைய முடியாது, அதனால் ஒவ்வொரு காட்சியிலும் அவரிடம் இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்டால் அங்கே சத்தம் வந்து சேருவதற்குள் இங்கே யாராவது பேசிவிடுவார்கள். பகடை அவர் கையிலேயே இருக்கட்டும், அவர் சொல்லுகிற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ் கார்டுக்குப் பதிலாக அவர் உள்ளங்கையைக் கேமராவுக்கு முன்னால் காட்டினால் போதும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். போனை மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்.